கிளிநொச்சித் தம்பிக்கு: ஸ்பைடர்-மேன் உங்கட கணினியில் ஓடுமா?

தம்பி, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 கிராபிக்ஸ் கார்ட் (படம் வரைகிற கார்ட்), பழைய ஹார்ட் டிஸ்க். இதில் 'மார்வெல்ஸ் ஸ்பைடர்-மேன் ரீமாஸ்டர்ட்' விளையாட்டை வாங்கலாமா என்று கேட்டிருந்தீங்கள். கார்ட் காணும், குறைந்தபட்சம் கேட்பதே ஜிடிஎக்ஸ் 950 தான். இடைஞ்சல் டிஸ்க். வலையில் தொங்கிப் பறக்கேக்க அடுத்த தெருவின் கட்டடங்களை ஓயாமல் டிஸ்கில் இருந்து வாசிக்கும். அது பிந்தினால் படம் விக்கி விக்கி நிற்கும். முதலில் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்கை விட வேகமாக வாசிக்கிற டிஸ்க்) போடுங்கோ, 75 ஜிபி இடம் வேணும்.

விளையாட்டின் செட்டிங்கில் டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படம்), சனக்கூட்டம், வாகன நெரிசல் எல்லாம் லோவில் வையுங்கோ. ஒளியையும் பிரதிபலிப்பையும் கணக்கிட்டு வரைகிற ரே டிரேசிங் வேண்டாம். படத்தைச் சின்னதாக வரைந்து பெருப்பிக்கிற எஃப்எஸ்ஆர் போடுங்கோ.

ஸ்டீம் என்கிற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைய விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். மெனுவில் நிற்கிற நேரமும் அதில் சேரும், கவனம். முதல் மிஷன் பெரும்பாலும் கட்டடத்துக்குள்ளே. அதை வைத்து முடிவெடுக்காதேங்கோ. வெளியில் வந்து, தெருமட்டத்துக்குத் தாழப் பறந்து பாருங்கோ, விக்கல் அங்கேதான் தெரியும்.

விளையாட்டில் நகரம் முழுக்கக் கிடக்கிற 55 முதுகுப்பை தேடுவது கொஞ்சம் அலுக்கும். ஆனால் அந்தப் பறப்புக்காகவே வாங்கலாம்.

டேட்டா மிச்சம் பிடிக்க, இதே விளையாட்டை ஸ்டீமில் வைத்திருக்கிற ஆரிட்டயும் இருந்து அந்த விளையாட்டின் கோப்புறையை எடுத்து, உங்கட ஸ்டீமில் விளையாட்டுகள் இருக்கிற 'காமன்' கோப்புறைக்குள் போட்டு இன்ஸ்டால் அழுத்துங்கோ; குறைகிறதை மட்டும் இறக்கும்.