மண்ணுக்குள் மருந்து தேடிய ஹேசன்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்துவிட்டு, மனிதர்களுக்கு வரும் பூஞ்சை நோய்களில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். பூஞ்சையைப் படித்துப் பெரிதாகச் சாதித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? – ஒரு தாய், திருச்சி

பதில்: இருக்கிறார்கள் அம்மா. எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அமெரிக்காவின் எலிசபெத் லீ ஹேசன். 1885-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். நான்கு வயது முடிவதற்குள் பெற்றோர் இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கும்போது நாற்பதைத் தாண்டிவிட்டார் (1927). நியூயார்க் மாநில சுகாதாரத் துறையின் ஆய்வகத்தில் பாக்டீரியாக்களோடு வேலை பார்த்தவருக்கு, பூஞ்சை நோய்களைக் கவனிக்கும் பொறுப்பு 1944-ல்தான் வந்தது. உடனே கொலம்பியாவுக்குப் போய், அந்தத் துறையில் பேர்பெற்ற ரோடா பென்ஹாமிடம் மாணவி மாதிரி உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அறுபதை நெருங்கும் வயதில்! இதை உங்கள் மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அது பெனிசிலின் வந்து எல்லோரும் கொண்டாடிய காலம். ஆனால் ஆன்டிபயாடிக் மருந்துகள் உடம்பிலுள்ள நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழித்துவிட, அந்த இடத்தில் காண்டிடா என்ற பூஞ்சை மண்டிவிடும். வாயிலும் குடலிலும் பரவும் அதை அடக்க உருப்படியான மருந்து கையில் இல்லை. ஹேசன் அதை மண்ணில் தேடினார். பல ஊர் மண்ணிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்து, எது காண்டிடாவையும் கிரிப்டோகாக்கஸ் என்ற இன்னொரு நோய்ப் பூஞ்சையையும் கொல்கிறது என்று சோதிப்பார். தேறியதைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, ஆல்பனி நகரத்திலிருந்த வேதியியலாளர் ரேச்சல் ஃபுல்லர் பிரவுனுக்குத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்ப, ஹேசன் மறுபடி சோதிப்பார். பூஞ்சையைக் கொன்றவற்றில் பல, விலங்குகளையும் கொன்றன. கடைசியில் வர்ஜீனியாவில் நூர்ஸ் என்ற நண்பரின் பண்ணையிலிருந்து எடுத்த மண்ணில்தான் வேண்டியது கிடைத்தது. 1950-ல் அறிவித்தார்கள். அதுதான் நிஸ்டாட்டின். நியூயார்க் ஸ்டேட் என்பதிலிருந்து வந்த பெயர். குழந்தைக்கு நாக்கில் வெள்ளை படிந்தால் இன்றும் டாக்டர்கள் எழுதித் தருகிற மருந்துதான்.

என் மனதைத் தொட்டது அதற்குப் பிறகு நடந்தது. காப்புரிமையால் வந்த தொகை 1.3 கோடி டாலருக்கும் மேல். இரண்டு பேரும் தங்களுக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளாமல் அத்தனையையும் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். அதில் ஒரு பாதி பிரவுன்–ஹேசன் நிதியாகி, 1957 முதல் சுமார் இருபது வருடம் மருத்துவப் பூஞ்சையியலில் பலருக்குப் பயிற்சியும் ஆராய்ச்சிப் பணமும் தந்தது. ஒருவர் எத்தனை கட்டுரை எழுதினார், அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோமே, அந்தக் கணக்கில் இது எங்கே வரும்? தனக்குப் பின்னால் வருபவர்களுக்கு ஒரு துறையையே நிற்க வைத்துவிட்டுப் போனவர் ஹேசன். ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் நோய்ப் பூஞ்சைகளை எளிதாக அடையாளம் காண, 1955-ல் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு கையேடும் எழுதினார்.

கேள்வி: பாக்டீரியாவுக்கு இத்தனை மருந்து இருக்கும்போது பூஞ்சைக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு? – வாசகர், நாகர்கோவில்

பதில்: பாக்டீரியாவின் செல் நம்முடையதைவிட ரொம்ப வேறு மாதிரி, அதனால் அதை மட்டும் குறிவைத்து அடிக்க வழி நிறைய. பூஞ்சை அப்படியில்லை, செல் அமைப்பில் நமக்குக் கொஞ்சம் நெருங்கிய சொந்தம். பூஞ்சையை அடித்தால் நமக்கும் வலிக்கும். நல்லவேளையாக, நம் செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிற இடத்தில் பூஞ்சைக்கு எர்கோஸ்டெரால் என்ற வேறொரு கொழுப்புப் பொருள் இருக்கிறது. நிஸ்டாட்டின் அதைப் பிடித்துக்கொண்டு சவ்வில் ஓட்டை போடுகிறது. ஆனாலும் ரத்தத்தில் ஏற்றினால் நமக்கும் நஞ்சுதான், அதனால் வாய், குடல், தோல் போன்ற இடங்களோடு அதன் வேலை நின்றுவிடுகிறது. உடம்புக்குள் ஆழமாகப் போன பூஞ்சைக்கு வேறு மருந்து வேண்டும். உங்கள் கேள்விக்கு முழு விடை தேட இன்னும் பல ஹேசன்கள் தேவை.

கேள்வி: பூஞ்சை நோய் ஒன்றுக்கு எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதாமே, நிஜமா? – வாசகி, மதுரை

பதில்: நிஜம்தான். 'மதுரா ஃபுட்', அதாவது மதுரைப் பாதம் என்பார்கள். 1842-ல் மதுரையில் இருந்த கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைப் பதிவு செய்ததால் வந்த பெயர். 1860-ல் பம்பாயில் வான்டைக் கார்ட்டர் இதற்கு மைசெட்டோமா என்று பெயர் வைத்தார். சில சமயம் பூஞ்சையாலும் சில சமயம் பாக்டீரியாவாலும் வரும், இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் எது என்று ஆய்வகத்தில் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2016-ல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. வெறுங்காலோடு வயலில் நடக்கும்போது முள் குத்திய இடத்தில் தொடங்கும். வலிக்காமல் வீங்குவதால் பலர் வருடக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். காலில் வலியில்லாத வீக்கம் வந்து, அதில் துளை விழுந்து, குருணை மாதிரி ஏதாவது வெளியே வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.