முருங்கை இலைப் பொடியில் சொல்கிற அளவு இரும்பும் ஆன்டிஆக்சிடன்டும் உண்டா? பெங்களூரில் வீட்டிலேயே காயவைத்தால் சத்து போய்விடுமா?

காயவைத்தால் இரும்பு, கால்சியம் போகாது. வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். ஆனால் ஒரு ஸ்பூனுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் இரும்பு சுமார் 4.5 மி.கி., கால்சியம் 314 மி.கி., வைட்டமின் சி 108 மி.கி. பச்சிலையில் முக்கால் பங்கு தண்ணீர். அது போனதும் தாதுக்கள் நாலு மடங்காகத் தெரியும். 'பசலையைவிட 25 மடங்கு இரும்பு' என்று பாக்கெட்டில் போடுகிறார்களே, அது காய்ந்த பொடியை ஈரக் கீரையோடு நிறுத்திப் பார்த்த கணக்கு. எந்தக் கீரையைக் காயவைத்தாலும் பச்சைக் கீரையை ஜெயித்துவிடும்!

தலைதட்டிய டீஸ்பூனில் பொடி 2 முதல் 3 கிராம் வரை பிடிக்கும். அதில் இரும்பு அரை மில்லிகிராம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் பெண்களுக்குச் சொன்ன அளவு நாளைக்கு 29 மி.கி. ரத்தசோகைக்கு ஒரு ஸ்பூன் பொடியை நம்பி இருக்காதீர்கள். நூறு கிராம் கீரையைப் பொரியலாகச் சாப்பிட்டால் அதைப்போல ஒன்பது மடங்கு கிடைக்கும். வேகவைத்த தண்ணீரை மட்டும் கொட்டக் கூடாது, தாது கரைந்து வெளியேறுவது அந்த வழியில்தான்.

ஆன்டிஆக்சிடன்ட் பக்கம் வந்தால், முருங்கை இலையில் குவெர்செட்டின், கேம்ஃபெரால், குளோரோஜெனிக் அமிலம் என்ற பாலிஃபீனால்கள், அதாவது தாவரச் சேர்மங்கள் உண்டு. ஆய்வகத்தில் டிபிபிஎச் என்ற வேதிப்பொருளின் ஊதா நிறக் கரைசலில் இலைச் சாற்றை விட்டு, அரைமணி நேரம் இருட்டில் வைத்து, நிறம் எவ்வளவு வெளுத்தது என்று 517 நானோமீட்டரில் அளப்பார்கள். அறிக்கையில் வரும் ஐசி50 எண், அதாவது பாதி அளவு வெளுக்க வைக்கத் தேவையான சாற்றின் அளவு, குறைவாக இருந்தால்தான் சாறு வலுவானது. பலர் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். அதுவும் சோதனைக் குழாயில் நடப்பது, உடம்புக்குள் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இப்படித் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்றுதான் அமெரிக்க வேளாண் துறை உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் திறனை எண்ணில் காட்டிய தன் ஓஆர்ஏசி பட்டியலை 2012-இல் எடுத்தே விட்டது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஆன்டிஆக்சிடன்டாக வேலை செய்யும் இதே பாலிஃபீனால்கள் குடலில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளோரோஜெனிக் அமிலம் காபியிலும் நிறைய. ஆகவே ஃபில்டர் காபி குடித்த கையோடு கீரை சாப்பிட்டால் இரும்பு சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, கீரையில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள்.

இனி காயவைப்பது. சந்தையில் கன்னடத்தில் 'நுக்கே சொப்பு' என்று கேட்டு வாங்கி, அன்றைக்கே ஆய்ந்துவிடுங்கள். காம்பு மெதுவாகக் காய்ந்து பொடியில் ஈரத்தைக் கொண்டுவரும், அதனால் இலை மட்டும் போதும். லிட்டருக்கு 10 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில் மூன்று நிமிடம், பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீர். துண்டில் ஒற்றி, பருத்தித் துணியில் ஒரே அடுக்காகப் பரப்பி, நிழலில் ஃபேன் காற்று. நேர்வெயிலில் பீட்டா கரோட்டின் சிதைந்து இலை வெளுக்கும். அடுக்குத் தடித்தால் உள்ளே புழுங்கிக் கறுக்கும், புளித்த வாடை வரும்.

பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை இதில் ஒரு சிக்கல். காற்றில் இருக்கும் ஈரத்தோடு சமமானதும் இலை மேற்கொண்டு காயாது. எடை குறைவது நின்றுவிட்டதே என்று அரைத்து டப்பாவில் போட்டால், சில வாரத்தில் கட்டிதட்டிப் பூஞ்சை பிடிக்கும். ஒற்றி எடுத்த 100 கிராம் இலை 27 கிராமுக்குப் பக்கத்தில் வர வேண்டும். 33-இல் நின்றால் இன்னும் கால் பங்கு ஈரம் என்று அர்த்தம். டீஹைட்ரேட்டரில் 50–55 டிகிரியில், அல்லது ஓடிஜி மின் அடுப்பில் 60-இல் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து முடியுங்கள். உள்ளங்கையில் கசக்கினால் சரசரவென்று நொறுங்க வேண்டும், வளையக் கூடாது. ஆறின பிறகு மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் பொடி சூடாகும். காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு இருட்டில் வைத்து, ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

இலை எங்கே வளர்ந்தது என்பதும் முக்கியம். ரிங் ரோடு ஓரத்து மரத்திலும் கழிவுநீர் பாயும் தோட்டத்திலும் பறித்ததை வேண்டாம் என்பேன். காயும்போது சத்து செறிவது போலவே ஈயமும் காட்மியமும் செறியும். ஆய்வறிக்கையில் இரும்பு மட்டும் எக்கச்சக்கமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். சரியாகக் கழுவாத இலையில் ஒட்டிய செம்மண்ணும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தினப்படி பொடி ஆரம்பிக்க வேண்டாம். இந்த இலையில் வைட்டமின் கே அதிகம், அது மாத்திரையின் வேலையைக் குறைக்கும்.