கடன் வாங்குமுன் காலி ஓட்டத்தைக் கணக்கிடுங்கள்

கேள்வி: மதுரையில் ஒரு குடும்பத்தாரிடம் பதினோரு ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். மாதச் சம்பளம் 19,000 ரூபாய். சொந்தமாக டாக்ஸி ஓட்ட விரும்புகிறேன். கையில் இரண்டு லட்சம் ரூபாய் இருக்கிறது. நண்பர் ஒருவர் தம்முடைய ஓன் போர்டு (சொந்தப் பயன்பாட்டுக்கான வெள்ளை எண்பலகை) காரைக் குறைந்த விலைக்குத் தருகிறேன், தெரிந்தவர்களுக்கு மட்டும் வாடகைக்கு ஓட்டிக்கொள் என்கிறார். புது டி போர்டு (வாடகைக்கு ஓட்டும் மஞ்சள் எண்பலகை) வண்டி வாங்க ஆறு லட்சம் கடன் தர ஒரு பைனான்ஸ் நிறுவனமும் தயாராக இருக்கிறது. என் மனைவிக்கு இரண்டிலுமே சம்மதமில்லை. என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: நண்பர் சொல்லும் வழி வேண்டவே வேண்டாம். வெள்ளை எண்பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவது பெர்மிட் இல்லாமல் ஓட்டுவதாகும். பிடிபட்டால் அபராதம், வண்டி முடக்கம் என்பதோடு அது முடிந்தால்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் சொந்தப் பயன்பாட்டுக்கான காப்பீட்டுப் பத்திரம் வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது. விபத்தில் பயணிக்கு அடிபட்டு வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போய், இழப்பீட்டை முதலில் காப்பீட்டு நிறுவனமே கொடுக்கட்டும் என்று உத்தரவானாலும், கொடுத்த தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும் உரிமையை அந்த நிறுவனத்துக்குச் சேர்த்தே வழங்கிய தீர்ப்புகள் ஏராளம். தெரிந்தவர்களுக்கு மட்டும்தானே ஓட்டுகிறோம் என்ற சமாதானம் அங்கே எடுபடாது. அந்தக் கார் நல்ல நிலையில் இருந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதை வாடகை வாகனமாக மாற்றிப் பதிவு செய்ய வழி உண்டு. வரி, எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று, பெர்மிட், வணிகக் காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்த பிறகும் விலை மலிவாக இருக்கிறதா என்று பாருங்கள். வண்டிக்கு எட்டு வயது கடந்துவிட்டால் எஃப்.சி.யை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வாடகை வண்டி ஓட்டுவதற்கான தனி அனுமதியான பேட்ஜ் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை. இலகுரக வாகன உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியதை, 2024 நவம்பரில் அதன் அரசியல் சாசன அமர்வும் உறுதிசெய்துவிட்டது. ஆகவே பேட்ஜ் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் ஏமாற வேண்டாம்.

இனி, கடன் வாங்கிப் புது வண்டி எடுப்பதைப் பார்ப்போம். பதினோரு ஆண்டுகள் ஓட்டிய உங்களுக்குச் சாலை தெரியும்; ஆனால் டீசலோ பெட்ரோலோ இதுவரை முதலாளியின் பணத்தில் போட்டதால், காலியாகத் திரும்பும் தூரத்தின் விலை உங்கள் கையைக் கடித்திருக்காது. மதுரையிலிருந்து இராமேஸ்வரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் வாடகை, லிட்டருக்கு 18 கிலோமீட்டர் மைலேஜ், பெட்ரோல் 100 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். போய்வரும் சவாரி என்றால் 340 கிலோமீட்டருக்கு 4,760 ரூபாய் வாடகை. பெட்ரோலுக்கு 1,890 போக 2,870 ரூபாய் நிற்கும், பேட்டா தனி. அதே ஊருக்கு ஒருவழி டிராப் பேசி அதே வீதத்தில் போனால் கிடைப்பது 2,380 ரூபாய்தான், பெட்ரோல் செலவோ அதே 1,890. மிஞ்சுகிற 490 ரூபாயில் டோல் கட்டி, சாப்பிட்டு, டயர் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும். ஒருவழிக்கு வாடகை வீதத்தை உயர்த்திப் பேச வேண்டும், இல்லையேல் திரும்பும் வழிக்கு ஆள் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சவாரி கிடைத்ததே என்ற மகிழ்ச்சியில் புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

வட்டியிலும் இப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. பைனான்ஸ்காரர் 9 சதவீதம் என்று சொன்னால், அது கடைசிவரை முழுக் கடனுக்கும் போடும் ஃப்ளாட் வட்டியா, கட்டக் கட்டக் குறையும் நிலுவைக்கான வட்டியா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஆறு லட்சத்துக்கு ஐந்தாண்டுத் தவணையில், குறையும் நிலுவை என்றால் மாதம் சுமார் 12,450 ரூபாய். ஃப்ளாட் என்றால் 14,500 ரூபாய். ஐந்தாண்டில் இந்த வித்தியாசம் ஒன்றேகால் லட்சத்தை நெருங்குகிறது. வங்கியில் முத்ரா கடனுக்கும், மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடனுக்கும் விசாரித்த பிறகே பைனான்ஸ் வாசலை மிதியுங்கள். நடை அதிகம்தான், ஆனால் பலன் உண்டு.

வீட்டுக்கு இப்போது வரும் 19,000, மாதத் தவணையான டியூ 14,500, காப்பீடு, சர்வீஸ், டயர் ஆகியவற்றுக்கு மாதம் 6,000 என்று வைத்தால், எரிபொருள் போக 39,500 ரூபாய் நின்றாக வேண்டும். மேலே சொன்ன இராமேஸ்வரம் கணக்கில் அது மாதத்துக்கு 14 போய்வரும் சவாரிகள். சித்திரைத் திருவிழா, கொடைக்கானல் போகும் மே மாதம், ஐயப்பன் சீசன், ஆடி, தை அமாவாசை நாட்களில் இது எட்டக்கூடியதே. பள்ளி திறக்கும் ஜூனில் எட்டுமா என்பதுதான் கேள்வி. மே மாதத்து வருமானத்தை வைத்துக் கடன் தொகையை முடிவு செய்பவர்கள் ஜூலையில் நகையை அடகு வைக்கிறார்கள். உங்கள் மனைவியின் பயம் இதுவாகத்தான் இருக்கும், அதில் நியாயம் இருக்கிறது. சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கொடுத்துவிடாமல், மூன்று மாத டியூவைக் கையில் நிறுத்திக்கொண்டு, அதற்கேற்ற விலையில் பழைய டி போர்டு வண்டி ஒன்றைப் பார்ப்பதே உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

டாக்ஸி செயலி நிறுவனங்களை ஒதுக்க வேண்டியதில்லை. அவற்றை மட்டும் நம்பியும் இறங்க வேண்டாம். சொந்த வண்டி ஓட்டுநருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் சேர வேண்டும் என்று மத்திய அரசின் 2025 வழிகாட்டுதல் கூறினாலும், அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது அந்தந்த மாநில அரசின் பொறுப்பு. பயணி நிற்கும் இடம் வரை ஓடுவதும் காலி ஓட்டமே. உங்கள் முதலாளி வீட்டாரின் உறவினர்கள், மருத்துவமனைக்கு மாதந்தோறும் போகும் முதியவர்கள், விமான நிலையத்துக்கு வழக்கமாக வண்டி கேட்பவர்கள் என்று உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குடும்பங்கள் இருக்குமே, அவைதாம் உங்கள் உண்மையான முதலீடு. வேலையை விடுமுன், விடுமுறை நாட்களில் வேறொருவரின் டி போர்டு வண்டிக்கு ஆக்டிங் (மாற்று ஓட்டுநராக) போய், எத்தனை பேர் உங்களை மறுபடியும் கேட்டு அழைக்கிறார்கள் என்று ஒரு சீசனும் ஒரு மந்தமான பருவமும் பாருங்கள். முதலாளியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்; நல்லபடியாக விடைபெற்றால் அவர் வீட்டு வெளியூர்ப் பயணமே உங்கள் முதல் சவாரியாகலாம்.

வேலையை விடும் மாதத்திலேயே அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளின் கல்விக்கும், விபத்துக்கும், 60 வயதுக்குப் பிந்தைய ஓய்வூதியத்துக்கும் அதில் உதவி உண்டு. வண்டிக் காப்பீடு எடுக்கும்போது, உரிமையாளரே ஓட்டுநராக இருப்பவருக்கான 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, வாரிசுதாரராக மனைவியின் பெயரை எழுதுங்கள்.