தோலில் நீரை மறிக்கும் நொதி: கேள்வி பதில்

செரமைட் சிந்தேஸ் 3 என்ற நொதியைப் பற்றி வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கிளிநொச்சி, உயர்தர மாணவன்: ரீச்சர், இந்த நொதி என்ன செய்கிறது?

தம்பி, கொழுப்பமிலத்தை ஸ்பிங்கோசின் வகை மூலக்கூறோடு இணைத்துச் செரமைட் என்ற கொழுப்புப்பொருளை ஆக்குகிறது. இந்தக் குடும்பத்தில் ஆறு நொதிகள் உண்டு. மூன்றாவதுதான் 26 காபனும் அதற்கு மேலும் நீண்ட கொழுப்பமிலச் சங்கிலிகளைக் கையாளும். ஒப்பிட்டுப் பார், தேங்காயெண்ணெயில் அதிகமுள்ள லோரிக் அமிலத்துக்கு 12 காபன்தான். நீண்ட செரமைட்டுகள் கொலஸ்ரோலோடும் கொழுப்பமிலங்களோடும் தோலின் மேற்படையில் அடுக்கடுக்காய் அமர்ந்து, இரணைமடுக் குளக்கட்டு மாதிரி, உடம்பின் நீரை மறிக்கின்றன. இந்த நொதிக்கான மரபணு இல்லாத எலிக்குட்டிகள் தோல்வழியே நீரை இழந்து, பிறந்த கையோடு செத்துப்போனதை 2012 ஆய்வு காட்டியது.

முல்லைத்தீவு: சோளகம் வீசினால் மகளின் கால் வெடிக்குது. இந்த நொதி குறைவோ?

இல்லை அக்கா. நொதி பழுதென்றால் பிறக்கும்போதே தெரியும். பிள்ளை மினுங்குகிற இறுகிய சவ்வு போர்த்தபடி பிறக்கும். அது உரிந்தபின் செதில் படரும். மனிதரில் இதை 2013 இல்தான் கண்டறிந்தார்கள், மிக அரிது. உங்கள் மகளுக்குக் காய்ந்த காற்றும் சவர்க்காரமும் போதும். குளித்த ஈரம் காய முன்னம் வஸ்லின் பூசுங்கள். நல்லெண்ணெயைச் சமையலிலும் சேருங்கள். அதிலுள்ள லினோலெயிக் அமிலம் தோலின் செரமைட்டுக்குத் தேவை, உடம்பால் அதைச் செய்ய முடியாது.

வவுனியா: நாங்கள் மச்சான் மச்சாள் முறையில் கட்டினோம். முதல் பிள்ளை அந்தச் சவ்வோடு பிறந்தது. சாபம் என்கிறார்கள்.

சாபமே இல்லை தங்கச்சி. அப்படிச் சொல்கிறவர்களின் வாயை மூடச் சொல்லுங்கள். இப்படியான தோல்நோய்க்குப் பல மரபணுக்கள் காரணமாகலாம், செரமைட் சிந்தேஸ் 3 அதில் ஒன்று. பெரும்பாலும் தாயிடமிருந்து ஒரு பழுதான பிரதி, தகப்பனிடமிருந்து ஒன்று. உங்களை மட்டும் குறைசொல்ல எவருக்கும் இடமில்லை. உறவுக்குள் கட்டும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்புக் கூட. அப்படியென்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு இந்த நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அடுத்த பிள்ளைக்கு முன் மரபணு ஆலோசனை கேளுங்கள். இப்போது முக்கியம் வெயில்: செதில் வியர்வையை அடைப்பதால் பிள்ளையின் உடம்பு சட்டெனச் சூடாகும். ஈரத்துணியால் அடிக்கடி துடையுங்கள்.

மாங்குளம்: எனக்கு வறண்ட தோல். பிள்ளைப்பேறு பாதிக்குமோ?

பயப்படாதீர்கள் தம்பி. விந்தகத்திலும் இந்த நொதி வேலைசெய்வது உண்மை. அது இல்லாத ஆண் எலிகளில், விந்தணுவாக வேண்டிய கலங்கள் பிரிய முடியாமல் ஒன்றோடொன்று சேர்ந்து பெருங்கலங்களாவதை 2015 இல் கண்டார்கள். ஆனால் வெறும் வறண்ட தோல் அதற்கு அடையாளமில்லை. ஒரு வருடம் முயன்றும் பிள்ளை தங்காவிட்டால் இரண்டு பேருமே போய்ச் சோதியுங்கள். விந்துப் பரிசோதனை சின்ன வேலைதான்.