நிலத்தோற்ற வரைபடம்: அளவுகோலும் மேடுபள்ளமும் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: 1:50,000, 1:2,50,000 ஆகிய இரண்டில் எது பெரிய அளவுகோல்? வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் குழப்பம் வருகிறது. (ஆசிரியை, கோத்தகிரி)

பதில்: 1:50,000 தான் பெரியது. ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு, இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கைவிடப் பெரியது அல்லவா? முதல் படத்தில் ஒரு கிலோமீட்டர் 2 செ.மீ. வரும், மற்றதில் 4 மி.மீ. மட்டுமே. ஜெராக்ஸ் கடையில் படத்தைப் பெரிதாக்கிவிட்டால் அச்சிட்ட விகிதம் செல்லாது. படத்தோடு சேர்ந்தே பெரிதாகும் கோட்டு அளவுகோலைத்தான் (தூரங்களைக் குறித்துத் தாளிலேயே வரைந்திருக்கும் கோடு) நம்ப வேண்டும்.

கேள்வி: சம உயரக் கோடுகள் (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) நெருங்கினால் சரிவு அதிகம் என்பது தெரியும். எவ்வளவு நெருங்கினால் எவ்வளவு சரிவு? (குன்னூர்)

பதில்: இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 படங்களில் அடுத்தடுத்த கோடுகளுக்கிடையே உயர வேறுபாடு பொதுவாக 20 மீட்டர், தாளில் 1 மி.மீ. என்பது தரையில் 50 மீட்டர். ஆகவே கோடுகள் 1 மி.மீ. இடைவெளியில் இருந்தால் 50 மீட்டருக்கு 20 மீட்டர் ஏற்றம், அதாவது ஏறத்தாழ 22 பாகை. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாறிலிருந்து குன்னூருக்குப் பற்சக்கரத்தின் உதவியோடு ஏறும் மலை ரயிலின் மிகக் கடுமையான ஏற்றம் சுமார் 12-க்கு 1. 20 மீட்டர் உயர்வதற்கு அது 240 மீட்டர் ஓட வேண்டியிருப்பதால், அத்தகைய இடங்களில் தாளில் ஏறக்குறைய 5 மி.மீ. கடந்த பிறகே பாதை அடுத்த கோட்டை வெட்டும். சுற்றியுள்ள மலைச்சரிவில் கோடுகள் அதைவிட நெருங்கியிருப்பதையும், பாதை அவற்றைச் சாய்வாகக் கடந்து போவதையும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒரே மலையில் நாம் போகும் திசைக்கேற்ப ஏற்றம் மாறுவது கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: வீடு கட்டும் மனை பாதுகாப்பானதா என்று டோப்போ ஷீட்டை (நிலத்தோற்ற வரைபடத் தாளை) பார்த்துச் சொல்ல முடியுமா? (கேத்தி)

பதில்: ஓரளவுக்குத்தான். பள்ளத்தில் கோடுகள் மேட்டை நோக்கி வளையும். மலை முன்னோக்கி நீண்டிருக்கும் இடத்தில் இறக்கத்தை நோக்கி வளையும். உங்கள் மனையருகே அவை மேட்டை நோக்கி வளைந்திருந்தால், நீல நிற ஓடை வரையப்படாவிட்டாலும் மழைநீர் அங்கே கூடும். 2009 நவம்பர் மழையில் நீலகிரி கண்ட நிலச்சரிவுகளுக்குப் பிறகு இதை யாரும் லேசாக எண்ணக் கூடாது.

ஆனால் இரு கோடுகளுக்கு நடுவே இருப்பதைக் கோடுகள் சொல்லமாட்டா. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். 20 மீட்டர் இடைவெளியில் உச்சியைச் சுற்றும் கடைசிக் கோடு 2,620 தான். மிச்சமுள்ள 17 மீட்டரை ஒரு புள்ளியும் அதன் அருகிலுள்ள எண்ணும் மட்டுமே காட்ட முடியும். அப்படியிருக்க, வீட்டுக்காகச் சரிவை வெட்டிய 6 மீட்டர் மண்சுவர் அந்தப் படத்தில் எப்படித் தெரியும்? மனையை நேரில் அளந்த வரைபடமும் மண் ஆய்வும் இல்லாமல் தயவுசெய்து அஸ்திவாரம் போடாதீர்கள்.

கேள்வி: கல்லட்டி மலைச்சாலையைப் படத்தில் அளந்தால் நீளம் குறைவாக வருகிறது. ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்காததுதான் காரணமா? (கூடலூர்)

பதில்: ஏற்றத்தின் பங்கு மிகச் சிறிது, 10-க்கு 1 ஏற்றத்தில்கூட ஒரு கிலோமீட்டருக்கு 5 மீட்டர்தான் கூடும். 36 கொண்டை ஊசி வளைவுகளைச் சிறிய தாளில் அடக்கும்போது அவற்றின் நெளிவுகள் எளிமையாக்கப்படுவதே முக்கியக் காரணம். ஸ்கேலை விட்டுவிட்டு, ஈர நூலைச் சாலையின் மேல் வளைவு வளைவாகப் படியவைத்து அளந்தால் வித்தியாசம் கணிசமாகக் குறையும்.