தொந்தரவு என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கேள்வி: 2020 கிறிஸ்துமஸுக்கு கொரோனாவால் ஊருக்குப் போக முடியவில்லை. சென்னையில் வீட்டோடு இருந்து அம்மாவும் நாங்களுமாக முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கல்கல் எல்லாம் செய்தோம். யாருடைய தொந்தரவும் இல்லாத கிறிஸ்துமஸ் அது. இப்போது எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. பலகாரம் செய்ய நேரமே இல்லை, கேக் வாங்கிச் சமாளிக்கிறோம். அப்படி ஒரு கிறிஸ்துமஸ் மறுபடி வருமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: வரவே கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். பலகாரத்துக்கு அப்புறம் வருகிறேன், முதலில் அந்தத் 'தொந்தரவு' யார் என்று சொல்லுங்கள்.

டிசம்பர் பிறந்தால் நடுராத்திரியில் ட்ரம்மும் கிட்டாருமாக வந்து கதவைத் தட்டுகிற கேரல் பையன்களா? திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் எந்த ஊரில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ராத்திரி ஒரு மணிக்கு மேல் தெருநாய்கள் அத்தனையும் குரைக்க, பாட்டு ஆரம்பிக்கும். கிறிஸ்துமஸ் தாத்தாவின் முகமூடியைப் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழும். தாத்தா முகமூடியைக் கழற்றி "நான் மேலத்தெரு அண்ணன்தான்" என்று காட்டினால் இன்னும் பெரிதாக அழும். சர்ச் உபதேசியார் ஒரு ஜெபம் செய்வார், வீட்டுக்காரம்மா அத்தனை பேருக்கும் கட்டங்காப்பி போடுவார். அடுத்த வீட்டிலும் இதே கதைதான். தொண்டை கட்டிப்போன பையன்கள் விடியும்வரை அந்தத் தெருவை விடமாட்டார்கள். தூக்கம் கெடுவது நிஜம்தான். ஆனால் வீட்டில் ஒருவர் உடம்பு முடியாமல் கிடக்கிறார் என்று ஊருக்குத் தெரிவதும் அந்த ராத்திரியில்தான். அவர் கட்டிலைச் சுற்றி நின்று ஒரு பாட்டு கூடுதலாகப் பாடிவிட்டுப் போவார்கள்.

2020-ல் பல சபைகளில் இந்தப் பவனி கிடையாது. தமிழ்நாட்டில் செப்டம்பர் 1 அன்றுதான் வழிபாட்டுத் தலங்கள் முழுமையாகத் திறந்தன. டிசம்பரில் முகக்கவசம் கட்டிக்கொண்டு, இடைவெளி விட்டு உட்கார்ந்து ஆராதனை நடந்தது. ரோமில் இரவு 10 மணிக்கு ஊரடங்கு என்பதால் போப் பிரான்சிஸ் கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியை 7.30-க்கே நடத்தினார். கூட இருந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. அதற்குள் அரசுக் கணக்குப்படியே தமிழ்நாட்டில் சுமார் 12,000 பேரைக் கொரோனா கொண்டுபோயிருந்தது.

துட்டி வீட்டில், அதாவது சாவு விழுந்த வீட்டில், அந்த வருடம் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. நம் பக்கத்தில் பல குடும்பங்களில் இதுதான் வழக்கம். பண்டிகையன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் வெறும் வாயோடு இருக்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவ்வளவு துட்டி வீடுகள் இருந்த அந்த வருடத்தில்தான் அந்தத் தட்டும் போகவில்லை. ரம்ஜான் மே 25 அன்று ஊரடங்கில் வந்தது. பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்தன, நோன்புக் கஞ்சிக்கு அரசு தரும் அரிசியை வீடுகளுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். நவம்பர் 14 தீபாவளிக்கு அதிரசத்தை நீட்டவும் பயம், வாங்கவும் பயம். கிறிஸ்துமஸுக்கும் அப்படியே. நீங்கள் மூன்று பலகாரம் செய்தீர்களே, பக்கத்து ஃபிளாட்டுக்குக் கொடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த நேரத்தில் கொடுக்க முடிந்திருக்காது, அதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் கொடுக்க முடியாமல் போனதை நிம்மதி என்று நினைத்துக்கொள்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

நீங்கள் உண்மையில் தேடுவது வேறு என்று நினைக்கிறேன். முந்திரிக்கொத்து தனி ஆளாகச் செய்கிற பலகாரம் இல்லை. சிறுபயறை வாசம் வர வறுத்து, கரகரவென்று உடைத்து, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலம், சுக்கு எல்லாம் சேர்த்துக் கருப்பட்டிப் பாகை ஊற்றிக் கிளறினால், சூடு ஆறுவதற்குள் உருட்டியாக வேண்டும். ஆறினால் உதிரும், உருண்டை பிடிக்காது. உள்ளங்கை பொசுக்கும், மாவைத் தொட்டுத் தொட்டு உருட்டுவார்கள். அப்புறம் மஞ்சள் போட்ட அரிசிமாவில் மூன்று மூன்றாக முக்கி எண்ணெயில் போட வேண்டும். இதற்கு நாலு பேர் கை வேண்டும். ஊரில் அந்தக் கைகள் எல்லாமே பெண்களுடையவை. அத்தையும் சித்தியும் அடுப்படியில் வேக, ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து "இன்னுமா ஆகல?" என்று கேட்பார்கள். 2020-ல் ஆண்களுக்கும் வெளியே போக இடமில்லாமல், பல வீடுகளில் முதல் தடவையாக உருட்ட உட்கார்ந்தார்கள். உங்கள் 'நாங்களுமாக' என்பதில் உங்கள் வீட்டு ஆண்களும் இருந்தால், இந்த வருடமும் அவர்களை உட்கார வையுங்கள். அதற்குக் கொள்ளைநோய் தேவையில்லை, இரண்டு நாள் லீவு போதும்.

அச்சு முறுக்கும் அப்படித்தான். அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகக் காய வேண்டும். மாவில் முக்கால் பங்குதான் முக்க வேண்டும், விளிம்புக்கு மேல் மாவு ஏறினால் முறுக்கு அச்சைக் கவ்விக்கொண்டு கழன்று வராது. இதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பழக முடியும். கல்கல்லை முள்கரண்டி முதுகில் வைத்து அழுத்தி உருட்டுகிற வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுங்கள், போட்டி போட்டுக்கொண்டு செய்வார்கள்.

இனி கேக். "கேக் இல்லாமல் கிறிஸ்துமஸா?" என்று வருடா வருடம் என்னோடு சண்டைக்கு வரும் வாசகர்கள் இதையும் படிப்பார்கள், நன்றாகப் படிக்கட்டும். 1883-ல் கேரளத்துத் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு சுட்ட கேக்கைத்தான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்கிறார்கள். அந்த மனிதரின் கைத்திறன் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் நமக்குப் பனை இருக்கிறது. தெற்கே பனையேறிகளின் ஊர்கள் பலவற்றில் கிறிஸ்தவக் கோயில் கோபுரம் எழும்பியது பனையேறிகள் கொடுத்த காணிக்கையில். அந்தச் சபைகளின் கிறிஸ்துமஸ் பலகாரத்தில் கருப்பட்டி இல்லையென்றால் வேறு எதில் இருக்கும்?

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது பதநீர் காலம் தொடங்கியிருந்தது. பதநீர் சுரக்கும் பனம்பாளை யாருக்காகவும் காத்திருக்காது. தினமும் ஏறிச் சீவாவிட்டால் சுரப்பு நின்றுவிடும். இறக்கிய பதநீரை வாங்க ரோட்டில் ஆள் இல்லை, காய்ச்சிய கருப்பட்டியை அனுப்ப வண்டி இல்லை. நீங்கள் அந்த டிசம்பரில் பாகு காய்ச்சிய கருப்பட்டி நல்ல கருப்பட்டி என்றால், அது அந்தக் கோடையில் யாரோ ஒருவர் விடாமல் மரம் ஏறியதால் வந்தது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது, 2023-ல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்லதுதான். ஆனால் சீனிப்பாகைக் கலந்து கருப்பட்டி என்று விற்கிற கூட்டத்தை இன்னும் யாரும் நிறுத்தவில்லை. நிஜமாக ஏறுகிறவருக்கு அந்தப் போட்டியில் விலை கட்டுவதில்லை, அதனால்தான் அவர் பிள்ளை மரத்தின் பக்கம் வருவதில்லை.

ஆகவே கேக் வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஊர்ப்பக்கம் தெரிந்தவர் மூலம் இரண்டு கிலோ கருப்பட்டிக்குச் சொல்லிவிடுங்கள். பனையேறி சொல்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். சீனி விலைக்குக் கருப்பட்டி தருகிறேன் என்று எவராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.