படகை விற்கும் முன்: குடல் புற்றுக்குச் 'சூடான கீமோ'

தம்பி, தொண்டியில் அப்பாவுக்குப் பெருங்குடல் புற்று வயிற்றின் உள்சவ்வுக்குப் பரவியிருக்கிறது, 'சூடான கீமோ' கொடுத்தால் குணமாகும் என்கிறார் உங்கள் மாமா, படகை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு விற்காதீர்கள்.

அந்தச் சிகிச்சையில் முக்கிய வேலை கத்திக்குத்தான். கண்ணில் படும் கட்டிகளையெல்லாம் பல மணி நேரம் எடுத்து அகற்றுவார்கள். சுமார் 42 டிகிரியில் மருந்தை வயிற்றுக்குள் ஓடவிடுவது அதற்கு அப்புறம்தான். 2021-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 265 பேர். அறுவை மட்டும் செய்துகொண்டவர்களும், அதோடு ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சூடாகப் பெற்றவர்களும் வாழ்ந்த காலம் ஏறக்குறைய ஒன்றே. இரு பக்கமும் இடைநிலை, அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 41 மாதத்துக்குச் சற்று மேல். மருந்து சேர்த்தவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள்தான் கூடின. மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்!

டாக்டரிடம் கேட்க வேண்டியது, கட்டி முழுவதையும் எடுக்க முடியுமா என்பதுதான். பரவலுக்கு 0 முதல் 39 வரை மதிப்பெண் போடுவார்கள். 20-ஐத் தாண்டினால் பெரும்பாலும் அறுவைக்கு ஒப்புவதில்லை. சிடி ஸ்கேனில் சின்ன முடிச்சுகள் தப்பிவிடும் என்பதால் சிறு துளை வழியே கேமரா விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி தேவைப்படலாம்.

நரம்பு வழி கீமோவை இடையில் நிறுத்தாதீர்கள். கட்டியின் மரபணுவில் ஒரு வகைக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும் எம்எஸ்ஐ பரிசோதனை செய்தார்களா? அது 'ஹை' என்று வந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி என்ற வேறு வழி இருக்கிறது. பயாப்சி பிளாக்கை (சோதனைக்கு எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்த கட்டை) வாங்கிக்கொண்டு அடையாறு புற்றுநோய் நிலையத்தில் ஒருமுறை காட்டுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள்.